பாதாம் இல்லாத ரொட்டி

டிசம்பர் 2

அன்புள்ள மூக்கிக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். கோபம் ஆறிய பிறகு எடுத்துப் படிக்கலாம்.

வருஷக் கடைசி விருந்துக்கு இந்த முறை வரப்போவதில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவர் நேரே என் தையல் மிஷின் பக்கம் வந்து நின்று, "அவ வரலையாம். நீ என்ன சொன்னே?" என்று கேட்டார். இந்த வீட்டில் விசாரணை எப்போதும் தீர்ப்பிலிருந்துதான் ஆரம்பிக்கும், உனக்குத் தெரியாததா. காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வருகிற மனிதர், நீ வராததை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறார். ஸ்கூல் யூனிபார்ம் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. பித்தான் வைக்கவே நேரமில்லை, இதில் இவருக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

நான் சொன்னது தப்புதான். கோடையில் யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக்கைத் தின்று உன் பிள்ளை எலிக்கு முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாதாம் ஆகாத உடம்பு நம் வீட்டில் யாருக்கும் இல்லையே, இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கக் கூடாது. உன் வீட்டுக்காரர் பக்கத்தைக் குத்திக் காட்டியதாக எடுத்துக்கொண்டாய். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் குத்தத்தான் செய்தேன். போகட்டும், விடு. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷப் பின்னல் ரொட்டியில் பாதாம் கிடையாது. அம்மா இருந்திருந்தால் அதை ரொட்டி என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். பாதாம் பொடி போடாத பின்னல் ரொட்டி வெறும் பன்தானே என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் பேரனைவிட அவளுக்கு ரொட்டி பெரிதா என்ன? நம் பாதாம் டப்பாவை மாடிவீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். புதுச் சல்லடை, புதுப் பலகை, புதுத் தட்டு வாங்கிவிட்டேன். அலமாரியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காய வைத்தேன். இனி இந்தச் சமையலறையில் நீ பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு பாதாம் தோல் கிடைக்காது.

பழமாவு உன்னிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. நீ வராவிட்டால் ரொட்டியே இல்லை. ஒவ்வொரு வருஷமும் பிசைந்த மாவில் ஒரு கைப்பிடி எடுத்து ஃப்ரீசரில் வைப்பது, அடுத்த வருஷ மாவை அதை வைத்துப் புளிக்க விடுவது, இதெல்லாம் சரி. ஆனால் சுட்டவள் அதை வைத்துக்கொள்ளக் கூடாது, மற்றவள்தான் எடுத்துப்போக வேண்டும் என்று அம்மா ஏன் சட்டம் போட்டாள்? நாம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பார்க்காமல் இருந்துவிடுவோம் என்ற பயம். பெற்ற பெண்களை நன்றாக அளந்து வைத்திருந்தாள்.

அதிலும் உனக்குச் சந்தேகம் வரும் என்பதால் சொல்கிறேன். பழமாவை முதல் பிசைதலிலேயே எடுத்துவிடுகிறோம். வெண்ணெய், முட்டை, சர்க்கரை, பாதாம் எல்லாம் அதற்குப் பிறகுதான் சேர்கிறது. ஆகவே அது வெறும் மாவு, தண்ணீர், புளிப்பு, அவ்வளவுதான். தைரியமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. நான் பொறுப்பு.

உன் அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்கவில்லை. கடைசிவரை படித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். "குத்தத்தான் செய்தேன்" என்ற வரியில் அவர் சிரித்துவிட்டார். உங்க அக்கா மன்னிப்பு கேட்கிறதும் சண்டை போடுகிறதும் ஒரே மாதிரிதான் இருக்கு என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான் வராமல் இருக்க நினைத்தது உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை. பயத்தால். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பிஸ்கட் உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எலிக்கும் பழகிவிட்டது. எதைக் கொடுத்தாலும் "இதுல பாதாம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். நேற்று தண்ணீர் கொடுத்தபோதும் கேட்டான். ஐந்து வயசில் பிள்ளைக்கு இப்படி ஒரு விசாரம் வேண்டுமா?

அவனுக்கு உன் ரொட்டிமேல் கொள்ளை ஆசை. போன வருஷம் காய்ச்சலில் பால் மட்டும் குடித்துவிட்டு, நாமெல்லாம் தின்பதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனானே, அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்கு முந்தின வருஷம் ஒரு துண்டு தின்றுவிட்டு உதட்டைச் சுற்றித் தடித்துப்போனதை நாம் குளிர் காற்று என்று நினைத்து கிரீம் தடவிக்கொண்டிருந்தோம். காய்ச்சல் வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று பார்.

வருகிறோம். விருந்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறோம், பழமாவு ராத்திரி முழுக்க விழிக்க வேண்டுமே. ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுவருகிறேன். மாவு பாக்கெட்டைப் பிரிக்காமல் வை, என் கண்ணெதிரில் பிரி. மாடிவீட்டுக்காரி அன்று ஏதாவது பலகாரம் கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடு, முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒவ்வாமைக்கு டாக்டர் கொடுத்த அவசர ஊசி என் கைப்பையில் இருக்கும். அதை எப்படிப் போடுவது என்று உனக்கும் காட்டித் தருகிறேன்.

பாப்பா எழுந்து நிற்கப் பழகிவிட்டாள். அப்பாவின் ஊன்றுகோலை எடுத்து ஒளித்து வை, பிடித்துத் தொங்குவாள்.

தங்கை


ஜனவரி 11

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்துவிட்டது. மேஜைமேல் மிச்சம் இருந்த ரொட்டியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் இல்லையா? அதில் பாதாம் இருக்கிறதாம். தூசி மாதிரி ஒட்டிக்கொண்டது இல்லை, மாவோடு சேர்ந்தே இருக்கிறதாம். டாக்டர் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் உன்னைக் கேட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பெரியம்மா, இதுல பாதாம் இருக்கா?" என்று கேட்டான். "உனக்காகவே சுட்டதுடா ராஜா, தின்னு" என்றாய். தின்றான். இன்னொரு துண்டு கேட்டான். கொடுத்தாய். அதைக் கையில் பிடித்துக்கொண்டே நாக்கு குத்துகிறது என்றான். திராட்சைப் புளிப்பாக இருக்கும் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், அதையும் மறைக்கவில்லை. பிறகு அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

ஊசி போட்டேன். சரியாகத்தான் போட்டேன் என்று டாக்டர் சொன்னார். சில சமயம் அது போதுவதில்லை என்றும் சொன்னார்.

அவனை எடுத்த அன்று உன்னை வாசலில் நிறுத்தியது அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். உள்ளே வந்து நீ அழுதிருந்தால் உன் வாயை என் கையால் பொத்தியிருப்பேன். அப்பாவை மட்டும் விடச் சொன்னேன். அவர் வந்து உட்கார்ந்து, பிள்ளை இன்னும் தூங்குகிறானா என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே எழுந்து போய்விட்டார்கள்.

பொறுப்பு என்று எழுதினாயே. உன் கையெழுத்தில் இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். உன் அழுகை வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அந்த ரொட்டிக்குள் அது எப்படி வந்தது? எந்த இடத்தில் மெத்தனமாக இருந்தாய்? அதை மட்டும் எழுது.


ஜனவரி 17

மூக்கி,

உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு இனி வாய் இல்லை. ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முன்னறையில் யூனிபார்ம் அப்படியே கிடக்கிறது. ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். மிஷினில் காலை வைத்தால் கால் நகரவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். அன்று செய்ததை ஒவ்வொன்றாக மறுபடி செய்து பார்த்துவிட்டேன். மாவு பாக்கெட்டை உன் கண்ணெதிரில்தான் பிரித்தேன். அதே பெட்டியிலிருந்த இன்னொரு பாக்கெட்டை மில்லுக்கே எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அங்கே கோதுமை தவிர எதையும் அரைப்பதில்லை என்றார்கள். நம்பாமல் உள்ளே போய்ப் பார்த்தேன், வெளியே பிடித்துத் தள்ளாத குறை. சர்க்கரை, வெண்ணெய், திராட்சை, ஆரஞ்சுத் தோல், எல்லா உறையையும் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்துப் படித்தேன். எதிலும் இல்லை. சல்லடை புதிது. பலகை புதிது. மாடிவீட்டுக்காரி அன்று படியிறங்கவே இல்லை, ஊரிலேயே இல்லை. வெளியிலிருந்து வாங்காதது என்று பார்த்தால் பழமாவு ஒன்றுதான். அது பாதாம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்தது, நம் சொந்த மாவு.

எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவேன்? தெரிந்திருந்தால் முதலில் என் கழுத்தையே நெரித்துக்கொண்டிருப்பேன். நீ என்னைத் திட்டு, அடி, வாசலில் நிறுத்து. ஆனால் மெத்தனமாக இருந்தேன் என்று மட்டும் சொல்லாதே. பிறந்ததிலிருந்து எதிலும் இவ்வளவு கவனமாக நான் இருந்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். கேட்கலாமா என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். பின்னும்போது நீயும் கூட நின்று பின்னினாய். குளிருக்குக் கையில் ஏதாவது லோஷன் தடவியிருந்தாயா? சிலதில் பாதாம் எண்ணெய் கலப்பார்கள் என்று மருந்துக்கடையில் சொன்னான். உன்மேல் பழியைத் தள்ளுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது எலி எங்கே என்கிறார். முதலில் உண்மையைச் சொன்னேன். முதல் தடவை கேட்பது போலவே ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். இப்போதெல்லாம் ஸ்கூலுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். சரி என்று சாப்பிடுகிறார்.

உன் அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

லோஷன் இல்லை. நீ கேட்ட அன்றே கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன். நான் தடவுவதில் வெறும் வாசலைன்தான். கடையில் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன், அவர்கள் தொட்ட எதிலாவது இருந்ததா, என் கையில் ஒட்டியிருக்குமா என்று. லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நீ கேட்டது எனக்குள் புகுந்துகொண்டது. உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. உன்னைச் சின்ன வயசிலிருந்து தெரியும். பொய் சொன்னால் உன் கடிதம் இவ்வளவு நீளமாக இருக்காது. நீ இல்லை என்றால் அந்தச் சமையலறையில் மிச்சம் யார்? அப்பா அறையைவிட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு வெளியே இருந்தார். நான்தான்.

இப்போது என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாப்பாவைத் தூக்க முடியவில்லை. அவள் வந்து புடவையைப் பிடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமியாரைக் கூப்பிடுகிறேன். இப்போது அவளும் என்னிடம் வருவதை விட்டுவிட்டாள். மாமியார் ஊட்டுகிறார்கள், பாதியைத் துப்புகிறாள், இளைத்துவிட்டாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அது என் கையால் வந்தது என்று தெரிந்தால் நான் இருக்க மாட்டேன். மிரட்டுவதற்காக எழுதவில்லை. பத்து மாசம் சுமந்து, ஒவ்வொரு பருக்கையையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்து, கடைசியில் நானே ஊட்டிக் கொன்றேன் என்றால் அதற்குப் பிறகு எழுந்து பல் தேய்க்க முடியாது, அக்கா.

படுத்தால் அவன்தான் வருகிறான். இந்த வருஷத்து விருந்து வருவதில்லை, அதற்கு முந்தினதுதான் வருகிறது. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ அப்பாவைக் குளிப்பாட்டப் போயிருந்தாய். பாப்பா கைக்குழந்தை, ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த அமளியில் பழமாவு எடுத்து வைக்கவே மறந்துபோனேன். ரொட்டியைப் பின்னித் தட்டில் வைத்து, ஓவனுக்குள் தள்ளப்போகிற நேரத்தில்தான் நினைவு வந்தது. உன்னிடம் சொன்னால் பாட்டு வாங்க வேண்டும். அதனால் பின்னலின் நுனியைக் கத்தியால் வெட்டி, உருட்டி, டப்பாவில் போட்டுவிட்டேன். எலி காய்ச்சலோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். "அம்மா ரொட்டிக்கு வாலை வெட்டிட்டா" என்று சிரித்தான் பார், அப்படி ஒரு சிரிப்பு. பெரியம்மாகிட்ட சொல்லாதே என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். கடைசிவரை உன்னிடம் சொல்லவே இல்லை.

அந்தச் சிரிப்பை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வேறு யாரிடம் சொல்வேன்.

யோசித்துப் பார், அக்கா. ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

தங்கை


பிப்ரவரி 8 (அனுப்பாத கடிதம்)

மூக்கி,

அந்த வால்.

அதில் எல்லாம் கலந்திருந்தது. பின்னிய பிறகு வெட்டினாய் என்றால் வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பாதாம் எல்லாம் சேர்ந்த மாவு அது. அந்த வருஷம் நான் பாதாம் பொடியை எப்போதும் போடுவதைவிட ஒரு கை கூடவே போட்டிருந்தேன். அது வருஷம் முழுக்க உன் ஃப்ரீசரில் இருந்து, உன் மடியில் ஏறி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நீயே எழுதிவிட்டு நீயே கவனிக்கவில்லை. அவன் சிரித்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால்தான் கண்ணில் படவில்லை. ஆனால் நாளைக்கோ மறுநாளோ படும். எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் படிக்கிறவள் நீ.

எனக்கும் இதில் பங்கு உண்டு. ராத்திரி அதை வெதுவெதுப்பான பாலில் கரைத்தபோது வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தது. வெண்ணெய் வாசம்கூட வந்தது. எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறாள் என்று மனசுக்குள் உன்னை மெச்சினேன். ஒரு நிமிஷம் நின்று, ஏன் வெண்ணெய் வாசம் என்று கேட்டிருந்தால் அவன் இருந்திருப்பான். என்னிடம் சொன்னாலும் சண்டை போட மாட்டாள் என்று நீ நம்புகிற அக்காவாக நான் இருந்திருந்தாலும் அவன் இருந்திருப்பான்.

நீ வெட்டினாய், நான் பிசைந்தேன் என்று பாதிப் பாதியாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் நீ என் பாதியைப் பார்க்க மாட்டாய். உன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்


பிப்ரவரி 9

தங்கைக்கு,

முந்தின கடிதத்தில் எழுதியது பொய். உன்னை நேராகப் பார்த்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பாய். காகிதத்தில் சுலபமாகப் போய்விட்டது.

பாதாம் டப்பாவை மாடிவீட்டுக்காரிக்குக் கொடுத்தது உண்மை. கொடுப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணம் பொடியை எடுத்து எனக்கென்று ஒளித்து வைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு முறை தின்கிற ரொட்டி, அதையும் அவனுக்காக விட்டுவிட வேண்டுமா என்று எனக்கு மனசில்லை. நீங்கள் எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன்பு, மாவில் கொஞ்சம் பிரித்தெடுத்து, அந்தப் பொடியைப் போட்டு எனக்கு மட்டும் ஒரு சின்ன ரொட்டி பிசைந்தேன். அதே புதுப் பலகையில்தான் பிசைந்தேன். ஈரத்துணியால் துடைத்தேன், கழுவவில்லை. நீ எழுந்து வருகிற சத்தம் கேட்டதும் பலகையில் ஒட்டியிருந்த மாவையும் சுரண்டிப் பெரிய மாவோடு சேர்த்துவிட்டேன். வீணாக்க மனம் வரவில்லை. மாவோடு சேர்ந்தே இருந்ததாக டாக்டர் சொன்னாரே, அது இதுதான்.

அந்தச் சின்ன ரொட்டியை என் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு குப்பையில் போட்டேன்.

உன் மகன் என்னைக் கேட்டபோது எனக்குத் தெரியும், பலகையைக் கழுவவில்லை என்று. ஒட்டியிருந்த அந்தத் துளி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். நீயும் டாக்டரும் சேர்ந்து பெரிதுபடுத்துகிறீர்கள் என்றுதான் உள்ளுக்குள் எனக்கு நினைப்பு. என் வாய் எப்படிப்பட்டது என்று தெரியும் உனக்கு, என் மனசும் அப்படித்தான்.

பிறகு பயந்துபோனேன். அதனால் மில்லுக்குப் போனேன், உறைகளைப் பொறுக்கினேன், கடைசியில் லோஷன் என்று உன்மேலேயே திருப்பிவிட்டேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று படித்தபோது அதற்கு மேல் தாங்கவில்லை. உன் கைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்தாய், ஊசி உட்பட. இனி அதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. தேடியது கிடைத்துவிட்டது, நான்தான்.

மன்னிப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாய், அதனால் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல உரிமை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாப்பாவைத் தூக்கு.

அக்கா


பிப்ரவரி 26

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன்.

உனக்காக ஒரு சின்ன ரொட்டி. அதற்காக. ஐந்து வயசுப் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துக் கேட்டான், நீ தெரிந்தே தின்னு என்றாய். உன்னை நல்லவள் என்று நம்பி நான் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தேன். அப்போதும் உனக்கு வாய் திறக்க அத்தனை நாள் பிடித்தது.

அவர் உன் கடிதத்தைப் போலீஸில் கொடுக்க வேண்டும் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியும்விட்டார். நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்காக இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று அப்போது யோசித்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் நான் போனில் பேசிக்கொள்வேன். நீ எடுத்தால் வைத்துவிடுவேன். நீ இங்கே வராதே, நானும் அங்கே வர மாட்டேன். உனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று யாரிடமும் சொல்லாதே. அவனுடைய படம் ஏதாவது உன்னிடம் இருந்தால் அப்பாவின் பெயரில் தபாலில் அனுப்பிவிடு. உன் வீட்டுச் சுவரில் அவன் இருக்க வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று ராத்திரி உன்னைத் திட்டிக்கொண்டே படுத்தேன். விழித்தபோது வெயில் வந்திருந்தது. அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. எழுந்ததும் பசித்தது. உன்மேல் இருந்த ஆத்திரத்தில் தட்டில் இருந்ததை எல்லாம் தின்றேன். மாமியார் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.

பாப்பா இன்று என் கையால் சாப்பிட்டாள். இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள், நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டே இருந்தேன். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.